பவளத்துக்கும் நஃபகா உண்டா?

ஜும்ஆத் தொழுகை முடிந்து, தாம்பரத்தில் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்த வேளையில், மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். இயன்ற மட்டும் ஜமாஅத்தைத் தவற விடாதவர். வீண் பேச்சுப் பேசுகிறவர் அல்லர்.

"மாமா, ஒரு மஸ்அலா கேட்கணும். நீங்க சிரிக்கக் கூடாது" என்றார்.

"கேள் வாப்பா" என்றேன்.

"வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. எல்லாம் செத்துப் போய்விட்டன. நாளை மறுமையில் அதைப் பற்றி என்னிடம் கேள்வி உண்டா?"

பக்கத்தில் நின்ற என் நண்பர் சிரித்தே விட்டார். "பவளம் கல்லுதானே தம்பி! மோதிரத்தில் பதிக்கிற கல்லுக்கு எங்கே உயிர்?" என்று கேட்டார். வாலிபரின் முகம் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மழைக்காலம் கடந்த பின்னும் ஒருவர் நெஞ்சில் உறுத்திக் கொண்டிருக்கும் விஷயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியுமா? "நாளை அஸருக்குப் பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

வாசக நேயர்களே! நான் ஃபத்வாக் கொடுக்கும் தகுதி படைத்தவன் அல்லன். அது ஆலிம் பெருமக்களின் பொறுப்பு. கிதாபுகளில் கண்டதையும், அந்த வீட்டில் கண்டதையும், என் உள்ளத்தில் ஓடியதையுமே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நண்பரின் கேள்விக்கு வருவோம். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் பெரும்பாலும் மத்திய தரைக்கடலிலிருந்து வருவது. நம் கரையோரத்துப் பவளப்பாறை வேறு இனம். ஆனால் இரண்டுமே ஓர் உயிர்ப்பிராணி கட்டிய வீடுதான். அந்தப் பிராணி சிறு பூவைப் போலிருக்கும். நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிலும் மெல்லிய கைகள். உண்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாய் வழியாக. கண் இல்லை, காது இல்லை, குரல் இல்லை. கல் பவளமாயின் தன் காலடியில் சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொள்ளும். மென்பவளமாயின் கல்வீடு கட்டாமல் தோலும் சதையுமாக அசைந்து கொண்டிருக்கும்.

சூரத்துர் ரஹ்மானில் மர்ஜான் என்னும் சொல் இரண்டு இடங்களில் வருவதை நாம் ஓதி வருகிறோம். அதைச் சிறு முத்து என்று விளக்கம் கூறிய முஃபஸ்ஸிர்களும் உண்டு. செந்நிறக் கடற்பொருள் என்றவர்களும் உண்டு. எதுவாயினும், அல்லாஹுத் தஆலா தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் இடத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒன்றை நாம் மூர்மார்க்கெட் பொம்மையைப் போல் நினைத்துவிடலாகாது.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். முடிச்சூர் சாலையை ஒட்டிய தெருவில் முதல் மாடி. நடுக்கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. பாதிக்கு மேல் வறண்டு வெறுமையாகக் கிடந்தது. ஒரு மூலையில் தடுப்பு வைத்துக் கொஞ்சம் தண்ணீர் நிரப்பியிருந்தார். அதில் காளான் குடை போன்ற ஒரு மென்பவளம், ஐந்து ரூபாய் நாணய அளவில், ஒட்டிக் கொண்டிருந்தது. வெள்ளத்தில் தப்பியது அது ஒன்றுதானாம். அதற்கு மேலே சின்னதாக நீல விளக்கு.

"ஏன் நீலம்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், வாலிபருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

சூரிய ஒளி கடலுக்குள் இறங்கும்போது தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கி விடுகிறது. பிறகு மஞ்சள். ஆழத்துக்குப் போய்ச் சேருவது நீலம்தான். பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. பவளம் அதற்கு இருப்பிடமும் உரமும் கொடுக்கிறது. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும் பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுத்து விடுகிறது. பாறை கட்டும் பவளத்துக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பாகம் வரை இந்தக் குடித்தனக்காரன் கொடுக்கும் வாடகையில்தான் வருகிறதென்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே கடலுக்கு வெளியே பவளம் வளர்ப்பவர் முதலில் ஆகாரம் வாங்குவதில்லை. விளக்கு வாங்குகிறார். முற்காலத்தில் சூடு பறக்கும் பெரிய உலோக ஆவி விளக்குகள் வைத்தார்கள். இன்று எல்.இ.டி. விளக்கு. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிய வேண்டும். காலையில் மெதுவாகக் கூட வேண்டும், மாலையில் மெதுவாகக் குறைய வேண்டும். இரவெல்லாம் எரிந்தாலும் கெடுதல். பாசிக்கும் இருள் வேண்டும்.

ஒளி குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். கூடினால்? அதுதான் ஆச்சரியம். புதிதாக வந்த பவளத்தைப் பெரிய விளக்கின் கீழ் ஒரே நாளில் வைத்துவிட்டால், உள்ளேயிருக்கும் பாசி வேலை மிகுதியால் நஞ்சைச் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. பவளம் தாங்க மாட்டாமல் அதை வெளியே துப்பிவிடுகிறது. நிறத்தில் பெரும்பகுதி பாசியினுடையது. ஆகவே பவளம் வெளிறி வெண்ணிறமாகிவிடும். அப்போதும் உயிர் இருக்கும், ஆனால் பட்டினி. சில வாரங்களில் பாசி திரும்பக் குடி வராவிட்டால் சாவுதான். அதனால் விளக்கை முதலில் உயரத்தில் கட்டி அல்லது மங்கலாக வைத்து, வாரம் வாரமாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். "ரமளானுக்கு முன்னால் ஷஃபானில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிற மாதிரி மாமா" என்றார். உவமையைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன்.

ஒளி மட்டும் போதாது. கடலில் இரவானதும் பவளம் கைகளை விரித்து, மிதந்து வரும் நுண்ணிய உயிர்களைப் பிடித்து உண்ணும். தொட்டியில் அதையும் மனிதனே கொடுக்க வேண்டும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டால் ஒன்று, ஒன்றரை நாளில் குஞ்சு பொரித்துவிடும். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ இஷாத் தொழுதுவிட்டு வந்து, விளக்கை அணைத்து, தண்ணீரை ஓட்டும் பம்பைக் கால் மணி நேரம் நிறுத்தி, சொட்டுக்குழாயால் குஞ்சுகளை ஒவ்வொரு வாயின் அருகேயும் விடுவாராம். பம்பு ஓடினால் உணவு அடித்துக் கொண்டு போய்விடும். அதிகமாகப் போட்டாலோ மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுத்துப் பாசிபடர வைத்து, பவளத்தையே மூடிக் கொன்றுவிடும். சூரியப் பவளம் என்று ஓர் இனமாம். பெயரில்தான் சூரியன் இருக்கிறதே தவிர, உள்ளே பாசி கிடையாது. விளக்கு அதற்குத் தேவையில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே ஊட்ட வேண்டும். அதை வளர்ப்பவர்கள் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயைப் போல உட்கார்ந்திருப்பார்களாம்.

இத்துடன் முடியவில்லை. தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் தாம்பரத்துச் சித்திரை வெயிலில் அது லேசான காரியமா? அதற்குக் குளிரூட்டும் இயந்திரம். போர் தண்ணீர் உப்பும் கடினமும் கலந்தது, ஆகாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்தம் செய்து, கடலுப்புக் கலவை சேர்த்து, லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு நிறுத்திப் பார்க்க வேண்டும். கல் பவளமாயின் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துக் குறையாமலும் அளந்து சேர்க்க வேண்டும். அது தன் வீட்டைக் கட்டுவது அதைக் கொண்டுதான்.

இவ்வளவையும் கேட்ட பிறகு நான் வீட்டுக்கு வந்து கிதாபைத் திறந்தேன்.

நஃபகா என்றால் நம்மில் பலருக்கு மனைவி மக்களுக்குக் கொடுக்கும் ஜீவனச் செலவு மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால் நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் மற்றவற்றிலும், நஃபகாத் பாடத்தின் கடைசியில் பிராணிகளின் நஃபகா வருகிறது. மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டிச் செல்லும் இடம் அது. ஒருவன் தன் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது வாஜிபு. கொடுக்க மறுத்தால் ஆட்சியாளர் அவனைக் கட்டாயப்படுத்த வேண்டும்: ஒன்று தீனி போடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடு. பால் கறந்தாலும் குட்டிக்குக் கெடுதி வரும்படி கறக்கலாகாது. தேனீ வளர்ப்பவன் அவற்றுக்கு வேறு உணவு இல்லாத காலத்தில் கூட்டில் கொஞ்சம் தேனை விட்டு வைக்க வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பவன் முசுக்கட்டை இலை கொடுத்தாக வேண்டும். எத்தனை நுட்பம் பாருங்கள்! குரலற்ற ஒரு புழுவுக்கு இலை போடாதது பற்றி எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் இமாம்கள் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே பாடத்தில் வேறு இரண்டு வகையும் வருகின்றன. ரூஹ் இல்லாத சொத்து, அதாவது வீடு, வாய்க்கால் போன்றவை. அவற்றைப் பழுது பார்ப்பது வாஜிபல்ல. இடிந்து போனால் உடைமைக்காரனுக்கு நஷ்டம், அவ்வளவுதான். மரம், பயிர் ஆகியவற்றுக்கு நீர் பாய்ச்சாமல் வாடவிடுவது மக்ரூஹ். பொருளைப் பாழாக்குவதல்லவா?

ஆக, கல் ஒரு படி, செடி ஒரு படி, பிராணி ஒரு படி. பவளம் எந்தப் படியில் நிற்கிறது? கையில் எடுத்தால் கல். ஒளியைக் கொண்டு பிழைப்பதைப் பார்த்தால் செடி. இரவில் கை விரித்து இறாலைப் பிடிப்பதைப் பார்த்தால் பிராணி. இந்த மயக்கம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஐரோப்பாவில் நெடுங்காலம் பவளத்தைக் கடற்செடி என்றே எண்ணியிருந்தார்கள். மார்செய்ல் நகரத்து மருத்துவர் பெய்சொனல் 1720களில் வட ஆப்பிரிக்கக் கரையில் ஆராய்ந்து, பூ என்று நாம் நினைப்பது பிராணி என்று எழுதிய போது அந்நாட்டு அறிஞர்கள் ஏற்க மறுத்தார்கள். ஆனால் அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, நம் பாரத நாட்டைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய அபூரைஹான் அல்பீரூனீ, பவளத்தையும் கடற்பஞ்சையும் பிராணிகளின் வரிசையில் வைத்தார். அவர் காட்டிய காரணம் இதுதான்: தொட்டால் அவை உணர்கின்றன.

தொட்டால் உணர்கிறது! அந்த இடத்தில் நான் கிதாபை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். உணரும் ஒன்றைக் கல்லின் கணக்கில் எழுதிவிட முடியாது. பட்டுப்புழுவுக்கு இலை எப்படியோ, பவளத்துக்கு ஒளி அப்படி. அதை உடைமையாக்கிக் கொண்டவன் மீது விளக்கு எரிப்பதும் நஃபகாவில் சேர்ந்ததே என்றுதான் என் சிற்றறிவுக்குப் படுகிறது.

இதைச் சொன்னால், "ஈரமான ஈரலுள்ள உயிருக்குச் செய்யும் உபகாரத்துக்குத்தானே கூலி உண்டென்று ஹதீஸில் வந்திருக்கிறது; பவளத்துக்கு ஈரலே இல்லையே" என்று ஒருவர் குதர்க்கம் பேசலாம். ஈரமான ஈரல் என்பது உயிருள்ளதைச் சுட்டும் அரபு வழக்கு. உடலை அறுத்து ஈரலைத் தேடிப் பார்த்துவிட்டு இரக்கம் காட்டச் சொன்னதல்ல.

ஹதீஸ் நூல்களில் நாயகம் (ஸல்) அவர்களின் முன் வந்த பிராணிகளை நினைத்துப் பாருங்கள். அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டதும் கண்ணீர் வடித்தது. அவர்கள் அதன் காதுகளுக்குப் பின்னால் தடவிக் கொடுத்து, பட்டினி போட்டு வேலை வாங்குகிறாய் என்று இது முறையிடுகிறது என அதன் எஜமானரிடம் கண்டித்தார்கள். அபூதாவூதில் இது வருகிறது. ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல், பூமியில் திரியும் பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒட்டகம் அழுதது. பூனை நிச்சயம் கத்தியிருக்கும். பவளம் என்ன செய்யும்? கையை உள்ளே இழுத்துக் கொள்ளும், நாலு நாள் கழித்து வெளிறும். அவ்வளவுதான் அதன் முறையீடு.

முறையிடத் தெரியாதது என்பதால் பொறுப்புக் குறையுமா? கூடத்தான் வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். பூனை கத்தினால் மனம் இரங்காவிட்டாலும் தூக்கம் கெட்டாவது எழுந்து சோறு போடுவோம். பவளத்தின் விஷயத்தில் நம்மை எழுப்புவது யாருமில்லை. பூனைக்காரியின் குற்றத்தில் ஹதீஸ் எடுத்துச் சொல்லும் இரண்டாவது பகுதியையும் கவனியுங்கள்: தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. கடலில் பவளத்துக்குச் சூரியன் உண்டு, அலை உண்டு, இரவில் மிதந்து வரும் உணவு உண்டு. இதற்கெல்லாம் யாரும் பில் அனுப்புவதில்லை. அதைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்த கணமே இவை அனைத்தையும் அதனிடமிருந்து வாங்கிக் கொண்டோம். சூரியனுக்குப் பதிலாக நாம் நிற்கிறோம். சூரியன் ஊருக்குப் போவதில்லை, மறப்பதில்லை, மின்கட்டணம் கூடிவிட்டதென்று சலிப்பதில்லை.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவும் 4ஆம் தேதியும் மிக்ஜாம் புயல் மழை எப்படிக் கொட்டியது என்பதை முடிச்சூர், வரதராஜபுரம் வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் பட்டது போதாதென்று மறுபடியும் அடையாற்றுத் தண்ணீர் தெருவில் ஏறியது. மின்சாரம் நின்றது. கீழ் வீட்டில் தண்ணீர் புகுந்ததால் அந்த இந்துக் குடும்பத்தார், வயதான பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணியான மருமகள், இரண்டு சிறு பிள்ளைகள் எல்லோரும் மேலே இவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வாலிபரிடம் ஓர் இன்வெர்ட்டர் இருந்தது. அதை வாங்கியதே தொட்டிக்காக. பம்பு நின்றால் சில மணி நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிடும். முதல் நாள் பகலெல்லாம் பம்பை அதில் ஓட்டினார். இரவில் மருமகளுக்கு இடுப்பு வலி கண்டது. வலிதானா, பயமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் படகுக்கும் ஓயாமல் போன் செய்ய வேண்டும், எல்லோருடைய போனும் அணையும் நிலை, வீட்டில் ஒரு விளக்காவது வேண்டும். இவர் தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் போன்களைச் சொருகினார். பிறகு சுபுஹு வரை ஒரு பிளாஸ்டிக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருந்தாராம், காற்றுக் கலக்கட்டுமென்று. மறுநாள் குடிதண்ணீர் தீர்ந்தது. தொட்டிக்கு மாற்றுவதற்காக ஆர்.ஓ.வில் பிடித்து, இன்னும் உப்புக் கலக்காமல் இரண்டு கேனில் நாற்பது லிட்டர் வைத்திருந்தார். அவருடைய தாயார் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் கேனையே பார்த்துக் கொண்டிருந்தார்களாம். இவரே எழுந்து திறந்து பிள்ளைகளுக்கு ஊற்றினார். மூன்றாம் நாள் தொட்டியிலிருந்து நாற்றம் வந்தது. மருமகளுக்கு அன்று மதியம் படகு கிடைத்தது. பிள்ளை அடுத்த வாரம்தான் பிறந்தது, சுகமாக.

இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டார்.

"வாப்பா, இதில் உன் மீது குற்றமேதும் எனக்குத் தெரியவில்லை" என்றேன். தயம்மும் பாடத்தில் இருப்பதையும் எடுத்துச் சொன்னேன். ஒளுவுக்குத் தண்ணீர் இருந்தும், கொல்லக் கூடாத ஒரு பிராணியின் தாகத்துக்கு அது தேவைப்படுமானால், தண்ணீரைப் பிராணிக்கு விட்டுவிட்டுத் தயம்மும் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தொழுகையின் ஒளுவுக்கே முந்தியது பிராணியின் தாகம்! ஆனால் மனித உயிருக்கு அது முந்தியதல்ல. மனிதனின் தாகத்துக்கும் பிரசவ ஆபத்துக்கும் முன்னால் பவளத்தின் உரிமை நின்றுவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கியபோது அவர் நஃபகாவைக் கைவிடவில்லை. பெரிய கடமைக்காகச் சிறிய கடமையை விட்டார், அதுவும் கையால் இயன்ற வரை குவளை பிடித்துவிட்டு.

அவர் நிம்மதியடைவார் என்று நினைத்தேன். அடையவில்லை. "அது எனக்கும் தெரியும் மாமா. நான் கேட்பது அதற்கு முந்தியது. அவற்றை நான் கொண்டு வந்திருக்கலாமா?" என்றார்.

கேள்வி அதுதான். நஃபகா வாஜிபாவது உடைமையான பிறகு. உடைமையாக்குவது யார் மீதும் வாஜிபல்ல. இஸ்ராஃப் என்று அவர் தாயார் முன்பே ஓயாமல் சொல்லி வந்தார்களாம்: மனிதர் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, கல்லுக்குக் குளிரூட்டும் இயந்திரமா? ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போவது, 2019இல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற இந்தப் பகுதியில் நியாயமா? தாய் சொன்னதில் நியாயம் உண்டு. கழிவுத் தண்ணீரைத் துணி துவைக்கவும் தரை கழுவவும் பிடித்து வைத்திருந்தார் என்பதால் அந்தப் பகுதியை இத்துடன் விடுகிறேன். தங்க வளையலுக்கும் கல்யாண விருந்துக்கும் நாம் செய்யும் செலவை வைத்துப் பார்த்தால் இந்த வாலிபரை இஸ்ராஃபுக்காரர் என்று முதலில் கை நீட்ட நமக்கு யோக்கியதை போதாது.

பிராணியை வீட்டில் வைப்பதே கூடாதென்று மார்க்கம் சொல்லவில்லை. சிறுவர் அபூஉமைர் ஒரு குருவியை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அன்புடன் விசாரித்ததும் ஸஹீஹான ஹதீஸ். அதிலிருந்து கூண்டில் பறவை வளர்ப்பது ஆகுமென்று இமாம்கள் எடுத்திருக்கிறார்கள். அதே நேரத்தில் அபூதாவூதில் மற்றொன்றும் உண்டு. பிரயாணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்து வந்து தவித்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். ஆகவே வளர்க்கலாமா என்பதோடு, எங்கிருந்து எடுத்தோம் என்பதும் சேர்த்துக் கேட்கப்படுகிறது.

இந்தியாவில் அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், 2001இல் கல் பவளங்கள் அனைத்தையும் சேர்த்தார்கள். உயிருள்ளதாயினும் காய்ந்த எலும்பாயினும் எடுப்பதும் விற்பதும் குற்றம். மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சுற்றுலா போன இடத்தில் வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கும் வெள்ளைப் பவளக் கொத்தும் இதில் சேர்ந்ததுதான். நேயர்கள் தங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை பார்த்துக் கொள்வது நல்லது.

"என்னிடம் இருந்தவை மென்பவளமும் காளான் பவளமும்தான், அவை அந்தப் பட்டியலில் வராதவை என்று சொல்லித்தான் வாங்கினேன்" என்றார் வாலிபர். சற்று நேரம் கழித்து, "ஒன்றைத் தவிர" என்றார். மூளையின் மடிப்புப் போல ஒரு கல் பவளம். விற்றவர் வெளிநாட்டுச் சரக்கு என்றாராம். தாளில் ஒன்றுமில்லை. இவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. "கேட்டால் வாங்க முடியாமல் போய்விடுமே என்று கேட்கவில்லை மாமா." உண்மையை இப்படி ஒளிக்காமல் சொல்லும் பிள்ளைகள் இக்காலத்தில் எத்தனை பேர்?

அவரைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை, அதற்குக் காரணம் உண்டு. நான் கீழக்கரையில் பிறந்தவன். என் உம்மாவைப் பெற்ற வீட்டின் பின்கட்டுச் சுவர் முருகைக்கல்லால் கட்டியது. சிறு வயதில் அந்தக் கல்லில் இருக்கும் நட்சத்திரம் நட்சத்திரமான பள்ளங்களில் விரலை வைத்துப் பார்த்துக் கொண்டிருப்பேன். ஒவ்வொரு பள்ளமும் ஒரு வாய் இருந்த இடம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கடலிலிருந்து படகில் கல் வரும். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்ததும், பெரியவர்கள் வெற்றிலைக்குத் தடவியதும் அதுதான். தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்து நிற்கும் மாதாகோயில் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் தெரியும். இப்படி வெட்டி எடுத்து எடுத்தே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் அந்தத் தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. சுனாமி வந்து, பாறை இருந்த இடத்தில் அலையின் வேகம் தணிந்ததைக் கண்ணால் கண்ட காலத்தில்தான் ஓய்ந்தது.

இன்று வெட்டுவார் இல்லை. கடலே சூடாகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி நாலு வாரம் நின்றால் போதும், பவளம் பாசியைத் துப்பி வெளிற ஆரம்பிக்கிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் அப்படி ஏராளமாக வெளிறிச் செத்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் சிதைந்த இடங்களில் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்து வருகிறார்கள். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில், விளக்கையும் சூட்டையும் நிலவொளியையும் கடலில் உள்ளபடியே நாளுக்கு நாள் மாற்றி, பவளங்கள் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். பல வகைப் பவளங்கள் முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில் முட்டையிடுகின்றன. பிறை பார்த்து மாதம் எண்ணுவது நாம் மட்டும் அல்ல! வீட்டில் தொட்டி வைத்தவர்களின் பழக்கத்திலிருந்தே இந்த வித்தை பலவற்றை விஞ்ஞானிகள் கற்றார்கள் என்பதும் மெய். 1961இல் ஜகார்த்தாக்காரர் லீ சின் எங் என்பவர், கடற்கல்லும் காற்றுக்குமிழும் கொண்டே தொட்டியில் பவளத்தை வாழவைத்த விதத்தை எழுதிய பிறகே இந்தப் பொழுதுபோக்குப் பரவியது. ஆனால் ஆய்வுக்கூடம் ஒன்று கேட்டு, அனுமதி பெற்று, கணக்கு எழுதிச் செய்வது வேறு. நம் நடுக்கூடத்து அழகுக்காக எங்கிருந்து வந்ததென்று கேளாமல் வாங்குவது வேறு.

"அது எங்கே இப்போது?" என்று கேட்டேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். சதையெல்லாம் போய்ச் சுத்தமான வெண்ணிறம். என் நன்னி வீட்டுச் சுவரில் விரல் வைத்த அதே பள்ளங்கள். நான் விரலை வைக்கவில்லை.

"குப்பையில் போட மனசு வரவில்லை. வைத்திருப்பதும் குற்றம் என்கிறீர்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் பிடித்துக் கொள்வார்களோ என்று பயம்" என்றார்.

பயம் நியாயமானதே. சட்டம் தெரிந்த நம் ஜமாஅத் வக்கீலிடம் முதலில் கேட்டோம். வாங்கிய விதத்தை மறைக்காமல் எழுதிக் கொடுத்து ஒப்படைப்பதே முறை என்றார். விற்றவரின் விவரம் கேட்டால் அதையும் சொல்லத்தான் வேண்டும் என்றார். வாலிபர் அதற்குத்தான் அதிகம் தயங்கினார். ஞாயிறு இரவு தானே எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு வரியை நான் அடிக்கச் சொன்னேன், தன்னை அளவுக்கு மீறித் திட்டிக் கொண்டிருந்தார்.

தொட்டியில் மிச்சமிருக்கும் காளான் பவளத்துக்கு விளக்கு இப்போது காலை பத்து முதல் மாலை ஆறு வரை எரிகிறது. அவர் ஆபீசில் இருக்கும் நாட்களில் அவருடைய தாயார்தான் போட்டு அணைக்கிறார்கள். அது இருக்கும் வரை பார்ப்பது, புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள். "இந்தக் காளானுக்கு ஆயுசு கெட்டி" என்று அந்த அம்மா என்னிடம் அலுத்துக் கொண்டார்கள். சொல்லும்போதே ஓரக்கண்ணால் அது விரிந்திருக்கிறதா என்று பார்த்துக் கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகிறோம், வனத்துறை அலுவலகத்துக்கு. மூட்டை அவர் மடியில், மனு என் பையில்.